சராசரி முப்பத்தைந்து நிமிடம்

ஊளித்தீவு விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. 'தலைத்தீவு: 210 கிலோமீட்டர். பயண நேரம் சராசரி 35 நிமிடம்.' சராசரி என்ற சொல் மட்டும் எறும்பு அளவில் இருக்கும். அந்தப் பலகையை எப்போது பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கேப்டன் செலஸ்டினா கர்வாலோ. இந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே பத்தொன்பது இருக்கை விமானம் ஒன்றை இருபத்திரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் விமானத்தில் தலைத்தீவுக்குப் போக மூன்றேகால் மணி நேரம் ஆகிறது. இயந்திரம் பழசு, காற்று சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன். வழி நீண்டுவிட்டது. நீட்டிவிட்டார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கம்பெனி வந்தது. மாதா கோயில் மைதானத்தில் பந்தல் போட்டு, எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுத்து, கூட்டம் நடத்தினார்கள். கம்பெனியின் தீவு மேலாளர் தயாபரன் மைக்கைப் பிடித்தார். முப்பது வயது இருக்கும், படித்த பிள்ளை, சட்டையில் ஒரு கசங்கல் இல்லை.

"வான்வழியை மடிக்கிறோம், அவ்வளவுதான். மடிச்ச பாதையில போனா மூணே நிமிஷத்துல தலைத்தீவு," என்றார்.

"மடிச்ச தூரம் எங்க போவும் தம்பி?" என்று நான் கேட்டேன்.

"எங்கேயும் போகாது கேப்டன். தூரத்தை அழிக்க முடியாது. பக்கத்துப் பாதைக்குக் கொஞ்சம் நகரும்."

"பக்கத்துப் பாதையில ஆரு பறக்கா?"

அவர் தண்ணீர் குடித்தார். "இப்போதைக்கு, நீங்க."

"ஒரே போர்வைய ரெண்டு பேரு போத்திப் படுத்திருக்கோம். ஒருத்தன் இழுத்தா அடுத்தவன் காலு வெளிய வந்துரும். அதானே சொல்லுதிய?"

கூட்டம் சிரித்தது. தயாபரனும் சிரித்தார். "கிட்டத்தட்ட அதான். ஆனா பயப்பட வேண்டாம் மேடம். மடிப்பு தானா நிக்காது. விமானம் ஓயாம ஓடிட்டே இருந்தாத்தான் நிக்கும். ஓடுபாதை இருபது நிமிஷம் சும்மா கிடந்தாலே அவிழ்ந்துடும். திரும்ப மடிக்க ஒரு நாள் ஆகும். எப்ப வேணும்னாலும் பழைய நிலைக்கு வந்துடலாம்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் மடிப்பை அவர்கள் ஒருநாளும் அவிழ்த்ததில்லை. மேற்குக் கரையில் விடுதிகள் எழும்பின. தலைத்தீவுக்காரர்கள் மத்தியானம் இங்கே வந்து நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் திரும்பிப் போனார்கள். ஒரு நாளைக்குப் பயணிகளோடு பத்து நடை மூன்று நிமிடத்தில் போகும்; நடுவே மடிப்பு அவிழாமலிருக்க இரவும் பகலும் காலி விமானங்கள் ஓடும். மிச்சம் இரண்டு நடை என்னுடையவை, போக ஒன்று, வர ஒன்று, தலா மூன்றேகால் மணி நேரம். பன்னிரண்டையும் கூட்டி வகுத்தால் முப்பத்தைந்து நிமிடம் வருகிறது. சட்டம் அதைத்தான் கேட்கிறதாம். நாற்பது நிமிடத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற தீவுக்குத் தனி ஆஸ்பத்திரி தேவையில்லை என்று சொல்லி, கட்டிக்கொண்டிருந்த எங்கள் ஆஸ்பத்திரியைப் பாதிச் சுவரோடு நிறுத்திவிட்டார்கள். என் விமானம் கூடுதலாகக் குடிக்கிற எண்ணெய்க்கு டிக்கெட்டில் விலை ஏற்றினார்கள். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல?

சொன்னோம், ஊர் மொத்தமும் சத்தம் போட்டது. அப்புறம்தான் 'உயிர்காப்புச் சலுகை' வந்தது. உயிருக்கு ஆபத்தான நோயாளிக்கு ஒவ்வொரு வேக விமானத்திலும் ஓர் இருக்கை இலவசம். நுழைவாயிலில் நின்று வாயால் சொன்னால் போதும், குரலைக் கேட்டே கதவு முடிவு செய்யும் என்றார்கள். அதற்குக் குரல்வாசல் என்று பெயர். பச்சை விளக்கு எரிந்தால் வேக விமானம், சிவப்பு எரிந்தால் என் விமானம்; ஊர்க்காரர்கள் எதில் போனாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மூன்று வருடமாக எங்கள் ஆட்கள் ஒருவருக்குக்கூடப் பச்சை எரியவில்லை.

போன வருடம் சூசை மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நின்றார். சிவப்பு எரிந்தது. என் விமானத்தில் ஏற்றினோம். இரண்டாவது மணி நேரத்தில், கீழே கடலைத் தவிர ஒன்றும் தெரியாத இடத்தில், பின்னாலிருந்து அவர் மகள் அலறிய சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாது, நான் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரைச் சுமந்துகொண்டு பறந்தேன். ஏன் சிவப்பு எரிந்தது என்று கம்பெனிக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன். 'இயந்திரம் சரியாக இயங்குகிறது' என்று மூன்று முறை பதில் வந்தது.

இந்த வருடம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. என் விமானத்துக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தேன். சுகாதார நிலையத்து நர்ஸ் வியாகுலம் சிஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் பின்னால் பிரகாசி. அவள் புருஷன் சூரை மீனுக்கு ஆழ்கடல் போயிருந்தான். பிள்ளை பெற்று மூன்றே நாள். கையில் துணிச் சுருள், அதற்குள் பிள்ளை. உதடும் நகமும் நீலமாக இருந்தன.

"இருதயத்துல கோளாறு கேப்டன். தலைத்தீவுல டாக்டர் ரெடியா இருக்காரு. இந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். இன்னொண்ணு நிரப்புறதுக்குக் கப்பல்ல போயிருக்கு, வரல," என்றார் சிஸ்டர்.

என் விமானத்துக்கு மூன்றேகால் மணி நேரம். கணக்குப் போடக்கூட வேண்டியதில்லை. பிள்ளைக்கு வேக விமானம் கிடைத்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் ஒருவர் தலைத்தீவுக்குக் கிளம்பினால் தெருவே வழியனுப்ப வரும். அன்றைக்கும் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு வழியாக விடுதி விருந்தாளிகள் அட்டையைக் காட்டிவிட்டு வேக விமானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை எந்த வாசலும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிரகாசி பிள்ளையோடு குரல்வாசலில் போய் நின்றாள்.

"உங்கள் பயணத்தைச் சொல்லுங்கள்," என்றது வாசல்.

அவள் திரும்பி ஊர்ச் சனத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போயிட்டு வாரோம்," என்றாள்.

சிவப்பு எரிந்தது. "இருவழிப் பயணம். சலுகை இல்லை. பொதுப் பாதைக்குச் செல்லவும்."

"சிஸ்டர், என்ன சொல்லுது இது?" என்று பிரகாசி கேட்டாள்.

'இருவழி' என்ற சொல்லில் எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான்; சிவப்பு எரிந்தாலே ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாங்கள் அதற்குப் பிறகு வாசல் சொல்வதைக் கேட்டதில்லை. தயாபரனின் அறைக்குப் போய் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். அவர் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"சிஸ்டம் சரியாத்தான் வேலை செய்யுது மேடம். இவங்க திரும்பி வருவேன்னு சொல்றாங்க."

"திரும்பி வராம?"

"சலுகை ஒருவழிக்குத்தான். 'போகிறேன்'னு சொன்னா பச்சை. 'போய் வருகிறேன்'னு சொன்னா வரும்போதும் இலவசமா மடிச்சுத் தரணும், அது கம்பெனிக்குக் கட்டாது. இந்தத் தீவுல யாருமே சலுகை கேக்கலையேன்னு எங்களுக்கே ஆச்சரியம். சலுகைக்கு இங்கே தேவை இல்லைன்னு தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட்கூட அனுப்பியிருக்கேன்."

சூசை மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, மரியாதை தெரிந்த மனுஷன், அந்தக் கதவைப் பார்த்து "போயிட்டு வாரேம்மா" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவர் மட்டுமா? அந்த வாசலில் நின்ற அத்தனை பேரும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள். கடைக்குப் போறேன், கடலுக்குப் போறேன் என்று நாள் முழுக்கச் சொல்லுவோம். ஆனால் வாசலில் நின்று நாலு பேரிடம் விடைபெறும்போது 'போறேன்' என்று எந்த வாயாவது சொல்லுமா? சொன்னால் பெற்றவள் வாயைப் பொத்த மாட்டாளா?

"தயாபரன்," என்றேன். "இன்னைக்குக் காலையில வீட்டுல இருந்து கெளம்பும்போது உங்க அம்மாகிட்ட என்ன சொல்லிட்டு வந்திய?"

அவர் மறுபடி திரையைத் தட்டினார்.

"சும்மா சொல்லுங்க."

"போயிட்டு வரேன்னு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இது நான் எழுதினது இல்ல மேடம். இதைச் சோதனை பண்ணினப்போ எழுதிக் குடுத்த வாக்கியத்தைப் படிச்சாங்க. அங்கே எல்லாரும் 'போகிறேன்'னு சரியாத்தான் படிச்சாங்க."

"சரியாப் படிச்சாங்களா? பாவி, சூசை மாமாவுக்கு ஆரு படிச்சுக் காட்டுனா?"

"இப்பவும் ஒண்ணும் ஆகலை. அவங்களை 'போகிறேன்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. உடனே திறக்கும்."

நான் முதலில் வேறு வழி பார்த்தேன். "ஒருவழி" என்று வாசலிடம் சொன்னேன். புரியவில்லை என்றது. ஊர்ப் பெயரைச் சேர்த்தால் அது வெறும் பயணம்தானே என்று, "தலைத்தீவுக்குப் போறான்" என்று சொன்னேன். கூடுதல் சொற்கள் வேண்டாம் என்றது. அதற்கு இரண்டே சொல்தான் தெரியும்.

பிரகாசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையை வியாகுலம் சிஸ்டரிடம் கொடுத்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சிஸ்டர், அவன் காதுல விழ வேண்டாம்," என்றாள். பிறகு வாசலில் போய் நிமிர்ந்து நின்றாள்.

"போறேன்," என்றாள்.

கூட்டத்தில் ஒரு கிழவி "மாதாவே" என்று முனகினாள். பச்சை எரிந்தது. "பிரகாசி. ஊளித்தீவு. ஒருவழி. பதிவானது. குழந்தையின் பயணத்தைச் சொல்லுங்கள்."

பிரகாசி வாசலை விட்டு விலகினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "அக்கா, என்னையச் சொல்லிட்டேன். புள்ளைய எப்படிச் சொல்லுவேன்? இந்த நெலமையில கெடக்கானே. பெத்த வாயால அவன் போறான்னு எப்படிக்கா சொல்லுவேன்?"

"சொல்லுங்க மேடம்," என்றார் தயாபரன் என்னிடம். "கம்பெனி ஆளுங்க சொன்னா எடுக்காது, தீவுக்காரங்க யார் சொன்னாலும் எடுத்துக்கும். குழந்தையைக் கையில வெச்சிருந்தாப் போதும்."

சிஸ்டரிடமிருந்து பிள்ளையை நான் வாங்கினேன். நான் நாள் நட்சத்திரம் பார்க்கிறவள் இல்லை. ராகு காலத்தில் பறந்திருக்கிறேன், புயலுக்குள் பறந்திருக்கிறேன், பூனை குறுக்கே ஓடிய ஓடுபாதையில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். வாசலில் போய் நின்றேன். பிள்ளை என் சட்டைப் பொத்தானை உரசிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது. ஒரே ஒரு சொல். என் நாக்கு புரளவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதைவிட, இப்படி ஒரு சொல்லுக்காக என்னை நிற்க வைத்தவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு பச்சை மண்ணைக் காப்பாற்ற அது சாகிறது என்று நான் எதற்காகச் சொல்ல வேண்டும்?

"போயிட்டு வரும்," என்று சொன்னேன். சிவப்பு எரிந்தது.

வியாகுலம் சிஸ்டர் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "கேப்டன், அன்னைக்குக் கூட்டத்துல இவரு ஒண்ணு சொன்னாரே. ஓடுபாதை சும்மா கெடந்தா அவுந்துரும்னு."

நான் தயாபரனைப் பார்த்தேன். அவர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "மேடம், அது வேற விஷயம்."

"எத்தன நிமிஷம்னு சொன்னிய? இருபதா?"

அவர் பதில் சொல்வதற்குள் வழியனுப்ப வந்த சனம் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுபாதைக்குள் போய்விட்டது. யாரும் கத்தவில்லை, கல் எடுக்கவில்லை. கோயில் திருவிழாவில் பூசைக்கு உட்காருவதுபோல வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். வேக விமானம் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே நின்றது. தொப்பி போட்ட ஓர் அம்மாள் இறங்கி வந்து, பன்னிரண்டு மணிக்குத் தனக்கு மீட்டிங் இருக்கிறது என்று தயாபரனிடம் சண்டை போட்டாள். வானத்தில் இன்னொரு வேக விமானம் இறங்க இடமில்லாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் தலைத்தீவுக்கே திரும்பியது.

தயாபரன் போலீசைக் கூப்பிட்டார். போலீஸ் தலைத்தீவிலிருந்து வர வேண்டும். வேகப் பாதை அடைபட்டுக் கிடந்தது, மெதுப் பாதையின் விமானம் என்னிடம் இருந்தது. எப்படி வருவது என்று அவர்கள் அவரையே திருப்பிக் கேட்டார்கள்.

அதற்குள் நாங்கள் பிள்ளையையும் சிலிண்டரையும் பிரகாசியையும் சிஸ்டரையும் என் விமானத்தில் ஏற்றிவிட்டோம். கட்டுப்பாட்டு அறைப் பையன் ரேடியோவில், குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கேப்டன், மடிப்பு அவுந்துட்டு. உங்க பாதை இப்ப இருநூத்திப் பத்து."

சனம் எழுந்து வழிவிட்டது. நான் கிளம்பியதும் மறுபடி உட்கார்ந்துவிட்டது. நான் தரையிறங்கும் வரை எழுந்திருக்க மாட்டோம் என்று சிஸ்டரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் கடலை அதன் சொந்த அளவில் பார்த்தேன். கிளம்பிப் பத்து நிமிடத்தில் நடுக்கடல் திட்டு வந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் தலைத்தீவின் கலங்கரை விளக்கம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவுதான் தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா சூசை மாமாவை நாங்கள் கடலுக்கு மேலே பறிகொடுத்தோம்?

முப்பத்தைந்து நிமிடத்தில் இறங்கினேன். ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. அன்று மாலையே அறுவை சிகிச்சை முடிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். லிகோரி என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் கம்பெனி மடிப்பைத் திரும்பப் போட்டது. ஓடுபாதையைச் சுற்றி இரட்டை வேலி வந்தது. உட்கார்ந்தவர்கள்மேல் வழக்கு, எனக்கு ஒரு மாதம் பணியிடைநீக்கம். மூன்றேகால் மணி நேரம் ஓட்ட வேறு எந்த மடையனும் வராததால் மறுபடி என்னையே கூப்பிட்டார்கள். விசாரணையில் குரல்வாசலைப் பற்றி நான் ஒன்றரை மணி நேரம் கத்தினேன். 'பயணிகளுக்குச் சரியான சொல்லைக் கற்பிக்க விழிப்புணர்வு முகாம் நடத்தப்படும்' என்று எழுதி முடித்தார்கள்.

பிரகாசி இரண்டு மாதம் தலைத்தீவில் இருந்துவிட்டு, பிள்ளையோடு என் விமானத்தில்தான் ஊருக்கு வந்தாள். ஊளித்தீவுக்கு வருகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

போன வாரம் லிகோரியை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சாதாரணப் பயணம்தான், என் விமானம்தான், அவசரம் ஒன்றும் இல்லை. பிரகாசி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தெருச் சனம் வழக்கம்போல வந்திருந்தது.

"போயிட்டு வாரோம்," என்றாள், சிரித்துக்கொண்டே.

"குழந்தை லிகோரி. இருவழி. பொதுப் பாதைக்குச் செல்லவும்," என்றது வாசல். பிறகு கொஞ்சம் தாமதித்தது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. "பிரகாசி, ஊளித்தீவு. இவர் ஏற்கெனவே போய்விட்டார்."

இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் போட்ட சத்தத்தில் தயாபரன் ஓடி வந்தார்.

"ஒருவழின்னா நிரந்தரமாப் போறதுன்னு அர்த்தம் மேடம். அன்னைக்கே பதிவாயிடுச்சு. தீவுக் குடியிருப்புப் பட்டியல்லேருந்து பேரு எடுத்தாச்சு. போனவங்க இங்கேருந்து மறுபடி போக முடியாது."

"அன்னைக்கு அவ அந்த வார்த்தையச் சொல்லும்போது பக்கத்துலதானே நின்னிய? ஒரு வார்த்தை சொன்னியளா?"

"அப்ப அவங்க சீக்கிரம் வேகப் பாதையில போனாப் போதும்னு இருந்துச்சு. நான் உதவி பண்ணத்தான் நெனச்சேன்."

"அழிச்சுட்டு எழுதுங்க. அவ இந்தா நிக்கா. உசுரோட நிக்கா."

"அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. அவங்க நேர்ல போய் தலைத்தீவு அலுவலகத்துல மனுக் குடுக்கணும்."

நேரில் போய். நான் அவரை அடித்திருப்பேன், சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். பிரகாசி மட்டும் சத்தம் போடவில்லை. டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் அது, தள்ளிப்போட முடியாது. பிள்ளையின் தலையை மோந்துவிட்டு அவனை என் கையில் கொடுத்தாள். பீய்ச்சி வைத்த பால் அரைப் புட்டி இருந்தது, அதையும் கொடுத்தாள்.

"நீங்க கூட்டிட்டுப் போயிட்டு வாங்கக்கா," என்றாள்.

சிஸ்டர் பின்னால் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டார். புட்டிப் பாலை அவன் தொடவில்லை. நான் பறந்தேன். மூன்றேகால் மணி நேரமும் லிகோரி அம்மாவைக் கேட்டு அழுதான்.